வித்தை யாருடைய சொத்து?

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்யப்பட்ட சொற்பொழிவின் சாரம்)



நம் மக்களிடம் வெகு காலமாக ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஒருவன் நன்றாகப் பாடினால் ‘சரஸ்வதி கடாட்சம்’ என்கிறோம். ஒருவன் நன்றாகச் சித்திரம் எழுதினால் ‘பூர்வ ஜன்ம புண்ணியம்’ என்கிறோம். ஒரு குழந்தைக்குப் பாட்டு வரவில்லையானால் ‘அது அவன் தலையில் எழுதவில்லை’ என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் யோசிப்பதை நிறுத்திக்கொள்ளுகிறோம்.

இதெல்லாம் வாயில் சாதாரணமாக வருகிற பேச்சுதானே, இதனால் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். பெரிய நஷ்டம் இருக்கிறது, தோழர்களே! வித்தையைக் கொடுப்பவர் கடவுள் என்று நாம் ஒப்புக்கொண்ட மறு நிமிஷமே, அவர் யாருக்குக் கொடுத்தார், யாருக்குக் கொடுக்கவில்லை என்று சொல்ல ஒரு தரகன் வந்துவிடுகிறான். இன்ன ஜாதிக்குச் சபையில் பாட்டு, இன்ன ஜாதிக்குத் தெருவில் மேளம், இன்ன ஜாதிக்கு வயலில் மண்வெட்டி, பெண்களுக்கோ அடுப்பும் துடைப்பமும் என்று அந்தத் தரகன் பங்கு பிரித்துக் கொடுக்கிறான். நாமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஆகவே, வித்தை என்பது எங்கிருந்து வருகிறது என்று இன்று சற்று யோசித்துப் பார்ப்போம். அதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லப்போகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் பாஷை பேசியவரும் அல்லர். நம் ஊர்ச் சண்டை எதிலும் அவருக்குச் சம்பந்தமில்லை. ஆகையால் நான் கட்சிக்காகப் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் பெயர் வியோலெட்டா பார்ரா. தேசம் சிலி.

பிறப்பும் பஞ்சமும்

தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில், ஆண்டிஸ் மலைக்கும் பசிபிக் மகா சமுத்திரத்துக்கும் நடுவில், வேட்டியின் கரை போல நீளமாகவும் ஒடுக்கமாகவும் கிடக்கிற தேசம் சிலி. ஸ்பெயின் தேசத்தார் வந்து பிடித்து ஆண்டு, 1818-இல் விடுதலையடைந்த நாடு. அதன் தெற்குப் பக்கத்தில் நியூப்லே என்கிற சீமையில், 1917-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ந் தேதி இந்த அம்மையார் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் கற்பிக்கிற உபாத்தியாயர். தாயார் குடியானவர் வீட்டிலிருந்து வந்தவர். துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்துக்குச் சம்பாதித்தவர். வீடு நிறையப் பிள்ளைகள்.

சின்னஞ்சிறு வயதிலேயே வியோலெட்டாவுக்குப் பெரியம்மை வந்தது. உயிர் தப்பியது, ஆனால் முகத்தில் வடு நின்றுவிட்டது. நம் ஊராக இருந்தால் ‘மாரியாத்தாள் முத்துப் போட்டாள்’ என்று வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றியிருப்போம். அந்த ‘ஆத்தாள்’ இன்று எங்கே? 1796-இல் ஜென்னர் என்கிற வைத்தியர் வழி காட்ட, ஊர் ஊராக அம்மை குத்திக் குத்தி, 1980-இல் உலகத்திலேயே பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் அறிவித்துவிட்டார்கள். ஊசிக்குப் பயந்து ஓடிப்போன தெய்வம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். (சிரிப்பு). அது நிற்க.

பின்னால் சர்வாதிகார ஆட்சி ஒன்று வந்தது. தகப்பனாருக்கு வேலை போயிற்று. நோயும் வந்து அவர் இறந்துபோனார். தாயாரின் தையல் ஊசி ஒன்றுதான் அத்தனை வயிற்றுக்கும் சோறு போட வேண்டியிருந்தது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பாடினார்கள். சந்தையில் பாடினார்கள், ஊர் ஊராக வரும் சர்க்கஸ் கொட்டகையில் பாடினார்கள், ஓடுகிற ரயிலில் பாடிக் காசு வாங்கினார்கள். வியோலெட்டாவுக்குக் கித்தார் வாத்தியத்தை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தார், கேட்டார், தாமே தடவித் தடவி வாசித்தார். அப்போது வயது ஒன்பது பத்துதான்.

தோழர்களே! வீட்டில் அரிசி இல்லாத காரணத்தால் ரயிலில் பாடிய ஒரு பெண் குழந்தையை எந்தத் தெய்வம் கடாட்சித்தது என்று சொல்லுவீர்கள்? பசி கற்றுக்கொடுத்தது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளுகிறேன்.

பாட்டு யாருடையது?

பதினைந்து வயதில் அவர் தலைநகரமான சாந்தியாகோவுக்கு வந்தார். மூத்த சகோதரர் நிக்கனோர் அங்கே படித்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் பெரிய கவியும் விஞ்ஞான ஆசிரியருமாக விளங்கியவர் அவர். தங்கையைப் பெண்கள் போதனாமுறைப் பள்ளியில் சேர்த்தார். வியோலெட்டா முடிக்கவில்லை. சகோதரி ஹில்டாவுடன் சாப்பாட்டுக் கடைகளிலும் மதுக் கடைகளிலும் பாடிப் பிழைத்தார். 1938-இல் ரயில்வேத் தொழிலாளி ஒருவரை மணந்தார். இசபெல், அங்கேல் என்று இரண்டு மக்கள். கணவர் வீட்டோடு இருக்கும் மனைவியை எதிர்பார்த்தார். இந்த அம்மையாருக்கோ பாட்டை விட முடியவில்லை. 1948-இல் பிரிந்தார்கள். அந்தத் தேசத்தில் மதத்தின் பிடி எப்படிப்பட்டது என்றால், விவாகரத்துச் சட்டம் 2004-ஆம் வருஷத்தில்தான் வந்தது. அதற்கு முந்திப் பிரிந்த பெண்ணை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று நம் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதுவரையில் அவர் மற்றவர்களைப் போலவே நாகரிகப் பாட்டுகளைத்தான் பாடிக்கொண்டிருந்தார். 1950-களின் ஆரம்பத்தில், சகோதரரின் தூண்டுதலால், கிராமத்துக் கிழவர் கிழவிகளைத் தேடிப் போகத் தொடங்கினார். கித்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பக்கமும், திராட்சைத் தோட்டங்களும், ஊர்க்கோடிக் குடிசைகளும் சுற்றினார். மருத்துவச்சிக் கிழவியிடம் பாட்டுக் கேட்டார். இருபத்தைந்து தந்தி பூட்டிய பெரிய நாட்டுக் கித்தார் வாசிக்கும் கிழவரிடம் கேட்டார். அப்படிக் கேட்டுக் கேட்டு அவர் திரட்டிய பாட்டுகள் மூவாயிரம் அளவில் இருக்கும் என்று சொல்லப்படுகிறது.

பட்டணத்துப் படிப்பாளிகளுக்கு அதுவரையில் இந்தப் பாட்டுகள் காதில் விழவே இல்லையா? விழுந்தது. ஆனால் அதற்கு ‘சங்கீதம்’ என்று பேர் வைக்கவில்லை. பாடியவர்கள் ஏழைகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஆகவே அது வெறும் கூச்சல். அதே பாட்டை மேடையில், நல்ல உடுப்புப் போட்டு, கொஞ்சம் இனிப்புப் பூசிப் பாடினால் அது ‘தேசியக் கலை’. இந்த மோசத்தை அம்மையார் ஒப்புக்கொள்ளவில்லை. கிழவி பாடியபடியே, அந்தக் கரகரப்போடேயே பாடினார். 1954-இல் வானொலியில் அவர் நிகழ்ச்சி நடந்தது. குடியானவர்கள் தங்கள் பாட்டு பெட்டியிலிருந்து வருவதைக் கேட்டார்கள். தங்களிடமும் ஒரு மதிப்பான பொருள் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. சுயமரியாதை என்பது இதுதான், தோழர்களே! (கைதட்டல்).

ஒரு குழந்தையின் சாவு

அந்தக் கிராமப் பாட்டுகளில் ஒரு வகை உண்டு. கைக்குழந்தை இறந்துபோனால், அதற்கு வெள்ளை உடுத்தி, காகிதத்தில் சிறகு கட்டி, உட்காரவைத்து, இரவெல்லாம் சுற்றியிருந்து பாடுவார்கள். குழந்தை தேவதையாகிவிட்டதாம், தாய் அழக்கூடாதாம், அழுதால் கண்ணீர் பட்டுச் சிறகு நனைந்து மோட்சத்துக்குப் பறக்க முடியாதாம். குழந்தை ஏன் செத்தது? பால் இல்லை, மருந்து இல்லை, வைத்தியர் இல்லை. அதைக் கேட்க வேண்டிய தாயின் வாயை ‘அழாதே’ என்று அடைத்துவிடுகிறது இந்த நம்பிக்கை. துக்கத்துக்கு ஆறுதல் கொடுக்கிறது என்பது மெய்தான். ஆனால் கேள்வியையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது.

இந்தப் பாட்டுகளை ஊர் ஊராகத் திரட்டிய அம்மையாருக்கே அந்த நாள் வந்தது. 1955-இல் வார்சா நகரில் நடந்த உலக வாலிபர் விழாவுக்கு அழைப்பு வந்து ஐரோப்பாவுக்குப் போயிருந்தார். அப்போது இரண்டாவது விவாகத்தில் பிறந்த கைக்குழந்தை ரோசிதா கிளாரா ஊரில் இறந்துபோயிற்று. செய்திதான் அவருக்கு வந்தது. குழந்தையின் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்தத் துக்கத்தை அவர் மூடி வைக்கவில்லை. அதைப் பாட்டாகவே எழுதினார்.

‘குழந்தையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனாளே’ என்று பேசினவர்கள் உண்டு; இன்றும் உண்டு. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போன ஆண்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு யாத்திரிகர் என்றும் தேசபக்தர் என்றும் பட்டம். பெண் போனால் பழி. இந்தத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தர்மம் பேசுகிறோம்!

ஊசி எடுத்த கதை

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் வருகிறது. 1950-களின் கடைசியில் அம்மையாருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பல மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று வைத்தியர் உத்தரவு. சும்மா இருக்க முடியாத மனுஷி. எதிரில் கம்பளி நூலும் ஒரு துண்டுத் துணியும் கிடந்தன. எடுத்துத் தைக்கத் தொடங்கினார். தாயார் தையற்காரர்தான், ஆனால் இவர் அதுவரையில் படம் தைத்தவர் அல்லர். வரையவும் தெரியாது.

முதலில் ஒரு பூவைப் பார்த்துத் தைக்க எண்ணினாராம். பூ வரவில்லை. தைத்து முடித்துப் பார்த்தால் ஒரு புட்டி! சரி, புட்டிக்கு ஒரு மூடி வைப்போம் என்று தைத்தார். மூடி ஒரு தலையைப் போல் ஆயிற்று. தலை என்றால் கண்ணும் மூக்கும் வாயும் வேண்டுமே, அதையும் வைத்தார். பூவாக ஆரம்பித்தது கடைசியில் ஒரு பெண்ணாக வந்து நின்றது. இதை அவரே பின்னால் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

சரஸ்வதி வந்து கையைப் பிடித்திருந்தால் முதல் தடவையே பூ பூவாக வந்திருக்க வேண்டாமா? (சிரிப்பு). வந்தது புட்டி. ஆனால் அவர் ‘எனக்கு இது எழுதவில்லை’ என்று துணியைத் தூக்கி எறியவில்லை. தப்பாக வந்ததை வைத்துக்கொண்டு அடுத்த தையலைப் போட்டார். வித்தை என்பது இந்த அடுத்த தையல்தான்.

துணியும் பட்டு அல்ல, வெல்வெட்டு அல்ல. கோணித்துணி! உருளைக்கிழங்கும் மாவும் கட்டுகிற சாக்கு மாதிரியான முரட்டுத் துணியில் பல வர்ணக் கம்பளி நூலால் பெரிய பெரிய படங்கள் தைத்தார். சர்க்கஸ்காரர்கள், கித்தார் வாசிப்போர், ஸ்பெயின்காரர் வந்து நாட்டைப் பிடித்த சண்டை, கிராமத்துச் சடங்குகள் எல்லாம் அதில் வந்தன. 1962-இல் தைத்த ‘யுத்தத்துக்கு விரோதமாக’ என்ற படத்தில் தம்மையும் தைத்துக்கொண்டார். அவர் பெயருக்கு ஊதா என்று அர்த்தம், ஆகவே ஊதா நிறத்தில். சிலுவையிலுள்ள கிறிஸ்துவைத் தைத்து ‘நீச்சலுடையில் கிறிஸ்து’ என்று பேர் வைக்கும் துணிச்சலும் இருந்தது. இந்தத் துணிகளெல்லாம் வர்ணத்தில் எழுதிய பாட்டுகள் என்பது அவர் சொன்ன விளக்கம். பாட்டில் எதைச் சொன்னாரோ அதையே ஊசியிலும் சொன்னார்.

1959-இலும் 1960-இலும் சாந்தியாகோவில் நடந்த திறந்தவெளிச் சித்திரச் சந்தையில் தம் துணிகளையும் மண் பொம்மைகளையும் வைத்துக்கொண்டு பொதுஜனங்களோடு உட்கார்ந்தார். பிறகு 1964-ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில், பாரிஸ் நகரத்து லூவர் அரண்மனைக் கட்டடத்திலுள்ள அலங்காரக் கலைப் பொருட்காட்சிசாலையில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. லத்தீன் அமெரிக்கக் கலைஞர்களில் அங்கே தனியாகக் கண்காட்சி வைத்தவர் இவரே முதல்வர் என்று சொல்லுகிறார்கள். ராஜாக்கள் குடியிருந்த மாளிகைச் சுவரில் கோணித்துணி தொங்கிற்று! (கைதட்டல்).

அடுத்த வருஷம் சுவிட்சர்லாந்து தேசத்து டெலிவிஷன்காரர்கள் வந்து, பாட்டு, கவி, தையல், சித்திரம் இத்தனையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஜனங்களோடு இருப்பதையே எடுத்துக்கொள்வேன் என்று பதில் சொன்னார். ஜனங்கள்தான் இதையெல்லாம் செய்யத் தம்மைத் தூண்டுகிறார்கள் என்றார்.

ரத்தமா, சந்தர்ப்பமா?

இங்கே ஒரு வைதிகர் எழுந்து கேட்கலாம்: ‘ஐயா, தகப்பன் சங்கீத உபாத்தியாயர், தாய் தையற்காரி, மகளுக்கு இரண்டும் வந்ததென்றால் பிறவியிலேயே வந்தது என்றுதானே அர்த்தம்?’ என்று. நியாயமான கேள்வி, பதில் சொல்லுகிறேன்.

வீட்டில் கித்தார் இருந்தது. பாட்டுச் சத்தம் இருந்தது. ஊசியும் நூலும் இருந்தன. குழந்தை பார்த்தது, எடுத்தது, பழகியது. இதற்குச் சந்தர்ப்பம் என்று பேர். தெலுங்கு பேசுகிற வீட்டில் பிறந்த குழந்தை தெலுங்கு பேசினால் அதன் ரத்தத்தில் தெலுங்கு ஓடுகிறது என்றா சொல்லுவோம்? கித்தாரைத் தொட்டால் தீட்டு என்ற ஒரு ஜாதியில் அந்தக் குழந்தையை வளர்த்திருந்தால், பிறவி ஞானம் என்ன செய்திருக்கும்? ஆகையால் கேள்வியை மாற்றிப் போடுங்கள். சந்தர்ப்பம் மறுக்கப்பட்டதால் வாய் திறவாமலே செத்துப்போன வியோலெட்டாக்கள் நம் சேரிகளிலும், சமையலறைகளிலும் எத்தனை பேர்?

எழுத்துச் சங்கீதம் அவருக்குத் தெரியாது. திரட்டிய பாட்டுகளை ஸ்வரக் குறிப்பாக எழுதிக்கொடுக்கப் படித்த சங்கீதக்காரர் ஒருவர் உதவ வேண்டியிருந்தது. அப்படியிருந்தும், ‘எல் கவிலான்’ என்று ஒரு நீண்ட உருப்படியைக் குரலுக்கும் கித்தாருக்குமாகச் செய்தார். பருந்து கோழியைப் பிடிக்கிற கதையை வைத்து, வழக்கமான இசையொழுங்கையெல்லாம் உடைத்துப் போட்ட உருப்படி அது. படித்த வித்வான்களே அதை வியந்து பேசுகிறார்கள்.

மேல் உலகம் யாருக்கு?

அம்மையார் நம்மைப் போன்ற நாத்திகர் என்று நான் சொல்ல வரவில்லை. தெய்வப் பாட்டுகளையும் அவர் திரட்டினார், பாடினார். இல்லாததைச் சொல்லி ஒருவரை நம் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் ஏழைகள் ஏன் வானத்தைப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி அவர் ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார். ஏழைக்குப் பூமியில் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால்தான் மேலே பார்க்கிறான் என்பதும், கிளர்ச்சி செய்வதும் சங்கம் வைப்பதும் கடவுளுக்குப் பிடிக்காது என்று பாதிரி அவனை அடக்கி வைக்கிறார் என்பதும் அதன் சாரம். நாம் மேடை போட்டு மூன்று மணி நேரம் பேசுவதை அந்த அம்மையார் மூன்று நிமிஷத்தில் பாடி முடித்துவிட்டார்!

செத்த பிறகு மாலை

இவ்வளவு புகழோடு 1965-இல் சொந்த ஊர் திரும்பினார். சாந்தியாகோ நகரின் ஓரத்தில் லா ரெயினா என்ற இடத்தில் ஆயிரம் பேர் உட்காரக்கூடிய ஒரு சர்க்கஸ் கொட்டகையைப் போட்டார். ஜனங்களின் பாட்டுக்கும் கைவேலைக்கும் அதை ஒரு சர்வகலாசாலையாக ஆக்க வேண்டும் என்பது எண்ணம். பாரிஸ் மெச்சியது, ஊர் வரவில்லை. கொட்டகை தூரம், மழைக் காலத்தில் சேறு, பல நாள் பெஞ்சுகள் காலி. அந்தக் காலத்தில்தான், 1966-இல், வாழ்க்கைக்கு நன்றி சொல்லும் ‘கிராசியாஸ் அ லா வீதா’ என்ற பாட்டு இசைத்தட்டில் வந்தது. 1967-ஆம் வருஷம் பிப்ரவரி 5-ந் தேதி, நாற்பத்தொன்பதாவது வயதில், அந்தக் கொட்டகையிலேயே தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். ஒரு மனுஷியின் உள்ளத்தில் என்னென்ன இருந்தது என்று யாரும் ஒரு காரணத்தில் அடக்கிச் சொல்லிவிட முடியாது. அது சரியான முடிவு என்றும் நான் சொல்ல மாட்டேன். அவர் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலிப் பெஞ்சுகளுக்கு மட்டும் ஊர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இறந்த பிறகு எல்லாம் வந்தது. அர்ஜென்டினாவின் மெர்சிடெஸ் சோசா பாடினார். 1974-இல் அமெரிக்காவின் ஜோன் பேஸ் பாடினார். அந்த நன்றிப் பாட்டு உலகம் சுற்றியது. அவர் பிறந்த தினம் சிலியில் இசைக் கலைஞர்கள் தினம். 2015-இல் அவர் பேரால் சாந்தியாகோவில் ஒரு காட்சிசாலை திறந்தார்கள். 2020-இல் அந்தக் கட்டடம் தீப்பிடித்தது. படங்களை முன்னமே அப்புறப்படுத்தியிருந்தபடியால் அவை தப்பின.

ஆனால் நான் மதிக்கிற ஞாபகச் சின்னம் வேறு. 1973 செப்டம்பரில் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போயிற்று, பலர் திரும்பவில்லை. அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் பத்திரிகையில் எழுத முடியாது. மேடையில் பேச முடியாது. அவர்கள் கோணித்துணியும் கந்தல் துண்டுகளும் எடுத்து, தங்கள் ஊரில் நடந்த கொடுமையைப் படமாகத் தைத்தார்கள். காணாமற்போனவர்களின் சட்டைத் துணியையே வைத்துத் தைத்தவர்களும் உண்டு. அந்தத் துணிகள் ரகசியமாக வெளிநாடு போய் உலகத்துக்குச் செய்தி சொல்லின. இதில் கத்தோலிக்க சபையைச் சேர்ந்த ஒரு மனித உரிமை ஸ்தாபனமே அந்தப் பெண்களுக்கு உதவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்லதை யார் செய்தாலும் நல்லது என்பதுதான் பகுத்தறிவு. இந்தத் தையலுக்கு முன்னோடி என்று வியோலெட்டா அம்மையாரின் துணிகளையே காட்டுகிறார்கள்.

தாய்மார்களே! தோழர்களே! இந்த அம்மையாரின் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டி மாலை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் நாளைக்கு அவருக்கும் ஒரு கோயில் கட்டி, ஒரு பூசாரியை வைத்து, அவர் பேரால் இன்னொரு தரகு தொடங்கிவிடும். உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை பாடினால் ‘வாயை மூடு’ என்று சொல்லாதீர்கள். துணியில் பூவுக்குப் பதிலாகப் புட்டி தைத்தால் சிரிக்காதீர்கள். அடுத்த நூலைக் கோத்துக் கொடுங்கள். பக்கத்துத் தெருவில் யாராவது கொட்டகை போட்டால், அவர் உயிரோடிருக்கும்போதே போய்ப் பெஞ்சில் உட்காருங்கள்.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் புத்தியைக்கொண்டு யோசித்துப் பாருங்கள், சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.